கடைசிச் சாமி

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சாமி. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு வேணாம். இருபத்தாறு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே போனவன் நான், கண்டக்டர் வேலை, உக்கார இடம் கிடைச்சாலே பெரிசு. பையை மேல வைக்கலை, மடியிலயே இருக்கட்டும். குமுளி மலையில வளைவு திரும்பறப்ப யார் தலையிலயாவது விழுந்து தொலைக்கும். இந்தத் தம்பி டிக்கெட் குடுக்கிற அழகைப் பாத்தீங்களா? எத்தனை பேர் ஏறினாங்கன்னு திரும்பிக்கூடப் பாக்கலை. நானெல்லாம் தலை எண்ணாம விசில் குடுத்ததே கிடையாது.

எருமேலிக்குத்தானே? பெரிய பாதையிலயா நடக்கப் போறீங்க? இந்த மழையிலயா? சரி, சரி. வேண்டிக்கிட்டவங்களைத் தடுக்க நான் யாரு.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. பஸ் கிளம்புறப்ப பின்சீட்டுல இருந்து உங்க ஆளு ஒருத்தர், "கதிரேசா, தண்ணி பாட்டில் உன்கிட்டயா இருக்கு"ன்னு கேட்டாரு. உங்களைத்தானே? அது தப்பு சாமி. மாலை போட்டாச்சுன்னா பேர் கிடையாது. அப்பனும் சாமி, மகனும் சாமி, முதலாளியும் சாமி, வேலைக்காரனும் சாமி. மாலையைக் கழட்டுற வரைக்கும் அப்படித்தான். உங்க குருசாமி சொல்லித் தரலையா? இப்ப யாரு இதையெல்லாம் பாக்கிறாங்க. என் குழுவுல ஒருத்தன் பேரை ஒருத்தன் சொன்னா, அங்கேயே நிறுத்தி நூத்தியெட்டு சரணம் சொல்ல வச்சிருவேன். சின்னமனூர் மொக்கராசு குருசாமி குழுன்னா எருமேலி வரைக்கும் தெரியும். அவ்வளவு கட்டுப்பாடு.

நானா? இல்லை, இப்ப மாலை போடலை. ஒம்பது வருஷமாச்சு. அதுக்கு முந்தி பதினேழு வருஷம் போட்டவன். பதினெட்டாவதுக்குக் கிளம்பினேன், பாதி மலை வரைக்கும் போனேன், திரும்பிட்டேன். அதைக் கேக்காதீங்க.

கேட்டாலும் தப்பில்லை. வேற யாரு கேக்கப் போறா. ஊர்ல எவன்கிட்டயும் நான் வாயைத் திறக்கிறதில்லை. தம்பியைக் காட்டுல விட்டுட்டு வந்தவன்னு எனக்குப் பேர் வச்சிருக்காங்க. விடலைங்க. நான் எண்ணினேன். ஒவ்வொரு இடத்துலயும் நின்னு எண்ணினேன். அதைத்தான் ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்கிறான்.

என் தம்பி பேரு சிவனாண்டி. எனக்கு அஞ்சு வருஷம் இளையவன். வாழைத்தார் லோடு ஏத்துற வேலை. ரெண்டு தோள்லயும் ரெண்டு தார் வச்சுக்கிட்டு, வரப்புல ஓடி வருவான். ஆளு அப்படி, ஆனா பேச்சுல வாயில்லாப் பூச்சி. கடையில போய் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கத் தெரியாது. சரணம் விளிக்கிறப்ப மட்டும் வேற ஆளாயிருவான். நான் முன்னாடி நின்னு "சாமியே"ன்னு எடுத்துக் குடுத்தா, கடைசியில இருந்து "சரணமய்யப்போ"ன்னு அவன் இழுக்கிறது காட்டுல அங்கிட்டுப் போய் இங்கிட்டுத் திரும்பி வரும்.

கடைசியில நடக்கிறது அவன்தான். பன்னெண்டு வருஷமா அவன்தான். குழுவுக்கு முன்னாடி குருசாமி, பின்னாடி கடைசிச் சாமி. எவன் நொண்டினாலும் எவன் உக்காந்தாலும் கைதூக்கிவிட்டுக் கூட்டிக்கிட்டு வர்றது கடைசிச் சாமி வேலை. அந்த வேலைக்கு இவனை விட்டா ஆள் இல்லை. சரி, கடைசிச் சாமியே உக்காந்துட்டா யாரு தூக்கிவிடுறதுன்னு கேப்பீங்க. அதை நான் யோசிச்சதில்லை. யாரும் யோசிச்சதில்லை.

பதினெட்டாவது வருஷம் போறவங்க தென்னங்கன்னு கொண்டு போறது உங்களுக்குத் தெரியுமே. பதினெட்டு மலை ஏறினதுக்கு அடையாளமா சன்னிதானத்துல வைக்கிறது. நான் கன்னை ஒரு வருஷமா வளர்த்தேன். முழங்கால் உசரம், மூணு ஓலை, அடியில காயோட. என் கையாலதான் தண்ணி ஊத்துவேன், வீட்டுல யாரையும் தொட விட்டதில்லை. அதைக் கொண்டுபோய் வச்சுட்டா அப்புறம் கண்ணை மூடினாலும் கவலை இல்லைன்னு நெனச்சிருந்தேன். பதினெட்டு சாமி! எங்க ஊர்ல அதுவரைக்கும் ஒருத்தரும் பதினெட்டு முடிச்சதில்லை.

கிளம்புறதுக்கு முதநாள் தம்பி பொண்டாட்டி பஞ்சவர்ணம் வந்து நிக்குறா. ஒரே காம்பவுண்டுதான், நடுவுல ஒரு மதில். "மாமா, இவருக்கு ரெண்டு நாளா உள்காய்ச்சலா இருக்கு. நெஞ்சு கனமா இருக்குன்னு நேத்து சொன்னாரு. இந்த ஒரு வருஷம் பம்பை வரைக்கும் வண்டியிலயே போயிருங்களேன். புயல் வருதுன்னு வேற சொல்றாங்க." நான் சொன்னேன், "தென்னங்கன்னை வேனுல வச்சுக் கொண்டுபோனா ஊரு சிரிக்காது? நடந்து கொண்டு போறதுக்குப் பேருதான் பதினெட்டு." அவ புருஷன் முகத்தைப் பாத்தா. அவன் என் முகத்தைப் பாத்தான். "போயிட்டு வந்துர்றேன், ஒண்ணும் ஆகாது"ன்னு அவனேதான் சொன்னான். நான் வற்புறுத்தலை. இதைக் குறிச்சு வச்சுக்குங்க.

எருமேலியில வேனை நிறுத்திட்டு இறங்குறோம், அவன் பைக்குள்ள ஒரு கேன்வாஸ் ஷூ. பஞ்சவர்ணம் வச்சு அனுப்பியிருக்கா. "ஷூ மாட்டிக்கிட்டு ஏற இதென்ன ஊட்டியா?"ன்னு கேட்டேன். பதினோரு பேரும் சிரிச்சோம். அவனும்தான் சிரிச்சான். ஷூவை வேனுலயே போட்டுட்டு வந்தான்.

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க சாமி, சாரல் அடிக்குது. இன்னைக்கு அடிக்கிற மாதிரிதான் அன்னைக்கும். விடிஞ்சும் விடியாம அழுதை ஆத்தங்கரையில நிக்கிறோம். ராத்திரி பூரா ஊத்தின மழை, ஆறு செங்கல் கரைச்ச மாதிரி ஓடுது. முங்கி எந்திரிச்சு ஆளுக்கொரு கல்லு எடுக்கணும், மேல கல்லிடும் குன்றுல போடுறதுக்கு. தண்ணி இழுப்பா இருந்ததால நானே குனிஞ்சு எடுத்து ஒவ்வொருத்தர் கையிலயும் வச்சேன். தம்பி கையில வைக்கிறப்ப அவன் கை சுட்டுது. ஐஸ் மாதிரி தண்ணியில முங்கி வந்தவன் கை இப்படிச் சுடுதேன்னு நெனச்சேன். நெனச்சதோட சரி. அடுத்த ஆளுக்குக் கல்லு எடுத்தேன்.

அதுக்கப்புறம் ஏத்தம். அழுதை மேடு. வெயில் காலத்துலயே நாக்குத் தள்ளிரும். அன்னைக்குப் பாதையே வாய்க்காலா ஓடுது. பாதம் வச்சா சறுக்கி ரெண்டடி கீழ. மரத்து வேரைப் பிடிச்சுத்தான் ஏறணும், ஆனா ஒரு கை இருமுடியை விடக் கூடாது. அட்டை வேற. காலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தா கழுத்துல இருக்கும். எல்லாரும் நைலான் ஷீட்டைத் தலையோட போத்தியிருக்கோம், தாடியும் கண்ணும் மட்டும் வெளியில தெரியுது.

எனக்கு வலது தோள் ஆகாது. பஸ்ல மேல் கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கிப்போன தோளு. ஒரு கையில தலைச்சுமை, ஒரு கையில கன்னு, வேரைப் பிடிக்க மூணாவது கை எங்க இருக்கு? நின்னு திரும்பிப் பாத்தேன். தம்பி பின்னாடி இருந்து ஏறி வந்து, "குடுங்க குருசாமி, நான் வச்சுக்கிறேன்"னு வாங்கிக்கிட்டான். நான் கேக்கவே இல்லை. நீட்டினேன், அவ்வளவுதான். வாழைத்தார் சுமக்கிறவனுக்குத் தென்னங்கன்னு ஒரு சுமையா?

கல்லிடும் குன்றுல எல்லாரும் கல்லைப் போட்டோம். அங்கதான் அவன் என்கிட்டக்க வந்தான். மூச்சு வாங்குது. உதடு வெளுத்திருக்கு. "அண்ணே"ன்னான்.

பன்னெண்டு வருஷத்துல மாலை போட்டுக்கிட்டு அவன் என்னை அண்ணேன்னு கூப்பிட்டதே இல்லைங்க. அன்னைக்குத்தான். "அண்ணே, கொஞ்சம் நில்லுண்ணே"ங்கிறான். குழுவே பாத்துக்கிட்டு இருக்கு. அதுல மூணு பேரு கன்னிச்சாமி, முதல் தடவை வர்றவங்க. என் சொந்தத் தம்பியே முறையை மீறினா மத்தவன் எப்படி மதிப்பான்? நான் சொன்னேன், "இங்க அண்ணன் தம்பி எல்லாம் கிடையாது. சாமின்னு சொல்லு."

 அப்புறம் "சரி சாமி"ன்னான். கன்னைத் தோள்ல ஏத்திக்கிட்டுப் பின்னாடி போயிட்டான்.

அதான் அவன் என்கிட்டப் பேசினது. அதுக்கப்புறம் பேசலை.

பொறுங்க, மூக்கைச் சிந்திக்கிறேன். ஒண்ணுமில்லை, ஈரக்காத்து.

இஞ்சிப்பாறையில எண்ணினேன், பதினொண்ணு. முக்குழியில கஞ்சி குடிச்சோம், எண்ணினேன், பதினொண்ணு. அவன் கஞ்சி வேணாம்னுட்டானாம், எனக்கு அப்ப தெரியாது. கரியிலந்தோட்டுல தண்ணி இடுப்பளவு வந்திருச்சு, காட்டிலாகா ஆளுக கயிறு கட்டியிருந்தாங்க. ஒவ்வொருத்தரா கயித்தைப் பிடிச்சுக் கடந்தோம். நான் அக்கரையில நின்னு எண்ணினேன். பதினோராவது ஆளா அவன் வந்தான், தோள்ல கன்னு, ஓலை ஆத்துத் தண்ணியில படாம மேல தூக்கிப் பிடிச்சிருந்தான். அவனைப் பாத்தேனோ இல்லையோ, கன்னைப் பாத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. மூணு ஓலையும் முறியாம இருந்துச்சு.

அங்கேருந்து கரிமலை ஏத்தம். மணி ஒண்ணரைக்கே காடு இருட்டிக்கிட்டு வருது. பொழுது சாயுறதுக்குள்ள மலையைத் தாண்டி இறங்கணும். இருட்டினா ஆனை இறங்குற இடம். அதனால வெரட்டினேன். வெரட்டத்தான் செஞ்சேன், அதைப் போய் இல்லைன்னு சொல்லலை. பதினோரு உசுருக்கு நான் பொறுப்பு இல்லையா? மழை இரைச்சல்ல பக்கத்துல பேசுறது கேக்காது. முன்னாடி ஒரு குழு, பின்னாடி ஒரு குழு, நடுவுல நாலு பேர் அந்தக் குழு, மூணு பேர் இந்தக் குழுன்னு கலந்து கலந்து ஏறுறாங்க. திரும்பிப் பாத்தா மழையும் நைலான் ஷீட்டும்தான்.

நூறடிக்கு ஒரு தடவை நான் "சாமியே"ன்னு குடுப்பேன். பின்னாடி இருந்து "சரணமய்யப்போ"ன்னு வரும். தள்ளி, கீழேருந்து வரும். கடைசிச் சாமி வர்றான்னு நான் காலை எடுத்து வைப்பேன். அப்படித்தான் பன்னெண்டு வருஷமா நடந்தோம். கூப்பிட்டா பதில் வரணும், வந்துச்சு. ஒரு தடவைகூட வராம இருந்ததில்லை. எவன் குரல்னு கேக்கிறீங்களா? அந்த மழையில எவன் குரல்னு எவனுக்குத் தெரியும்? சரணம்னு வந்துச்சு. அது போதாதா?

குமுளி வந்திருச்சா? செக்போஸ்ட்டு. பாத்தீங்களா, வண்டி நின்னுருச்சு. இறங்கி டீ குடிக்கிறதுன்னா குடிச்சுட்டு வாங்க. வேணாமா? சரி.

கரிமலை உச்சியில ஒரு கீத்துக்கொட்டகை, பாலில்லாத டீ, கட்டஞ்சாயா விக்கிற கடை. எல்லாரும் குத்துக்காலிட்டு, ஷீட்டைப் போத்திக்கிட்டு நடுங்குறாங்க. அங்கேயும் எண்ணினேன் சாமி. சும்மா பார்வையில எண்ணலை. பஸ்ல எண்ணுற மாதிரி ஒவ்வொரு தலையா விரலால தொட்டு எண்ணினேன். தொட்டதும் "சாமி சரணம்"பான். எங்க குழுவுல அதான் பழக்கம். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒம்பது. அப்புறம் ஓரத்துல, தட்டியில சாய்ஞ்சு ஒரு ஆள். தொட்டேன். "சாமி சரணம்"னாரு. பத்து. என்னையும் சேர்த்துப் பதினொண்ணு. கணக்கு சரி. விசில் ஒண்ணுதான் ஊதலை. கிளம்புன்னேன்.

இறக்கம் ஏத்தத்தைவிட மோசம். உக்காந்து உக்காந்து சறுக்கினோம். பெரியானை வட்டத்துக்கு வந்து சேர்றப்ப மணி அஞ்சு.  நான் ஒரு பாறையில உக்காந்தேன். உக்காந்ததும் என் வாயில முதல்ல வந்தது என்ன தெரியுங்களா? "கன்னு எங்கப்பா?"

தம்பி எங்கன்னு கேக்கலை. கன்னு எங்கன்னுதான் கேட்டேன். வாயில வந்தது அது. ஒரு வருஷம் தண்ணி ஊத்தியிருக்கேன் இல்லையா, அந்த நெனப்புலயே இருந்தேன், அதான்.

 லேத்துப் பட்டறை வச்சிருக்கிற தங்கமாயன்னு ஒருத்தன், ஏழாவது வருஷம் வர்றவன். அவன்தான் மெதுவா சொன்னான். "குருசாமி, உச்சியில தட்டியில சாய்ஞ்சிருந்தவர் நம்ம ஆள் இல்லை. சேலத்துக்காரரு. என்கிட்டக் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தாரு."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"ன்னு கத்தினேன்.

"நீங்க எண்ணி முடிச்சு, சரின்னு சொல்லிட்டீங்களே. குருசாமி சொன்னதுக்கு எதிர்வாக்கு கூடாதுன்னு நீங்கதானே மாலை போடுறப்பவே சொல்லுவீங்க. கடைசிச் சாமி பின்னாடி வந்துருவாருன்னு நெனச்சேன்."

பாருங்க, என் வார்த்தையையே எடுத்து என் மூஞ்சியில போடுறான். தப்பு அவன் மேலயா, என் மேலயா? நீங்களே சொல்லுங்க. சேலத்துக்காரனாவது, நான் உங்க ஆள் இல்லைன்னு சொல்லியிருக்கலாம் இல்லையா? சாமின்னு தொட்டா சரணம்னு சொல்றான். அவனை எப்படித் திட்டுறது.

தங்கமாயனையும் இன்னொருத்தரையும் கூட்டிக்கிட்டுத் திரும்ப ஏறினேன். இறங்கின மலையைத் திரும்ப ஏறினேன் சாமி, அம்பத்தொரு வயசுல, அந்தத் தோளோட. அதையும் ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. எதிர்ல இறங்கி வர்ற சாமிமார்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "ஒரு சாமியப் பாத்தீங்களா? கறுப்பு வேட்டி கட்டியிருப்பாரு, தாடி வச்சிருப்பாரு, தலையில இருமுடி." அவங்க என்னைப் பாக்கிறாங்க. கேக்கிற எனக்கே வெக்கமா இருந்துச்சு. வர்றவன் பூரா கறுப்பு வேட்டி, வர்றவன் பூரா தாடி. என் தம்பிக்குன்னு அடையாளம் சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்லை.

நடுவுல நடுவுல "சாமியே"ன்னு கூப்பிட்டேன். கீழேருந்து "சரணமய்யப்பா"ன்னு பதில் வந்துச்சு. ஓடினேன். சறுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடினேன். ஆந்திராக்காரங்க நாலு பேரு. அப்புறம் திரும்பக் கூப்பிட்டேன். திரும்பப் பதில் வந்துச்சு. அது கோயமுத்தூர் ஆளுக. தங்கமாயன் சொன்னான், "குருசாமி, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க." நான் அவனை முறைச்சேன். தம்பி கழுத்துல மாலை இருக்கு, என் கழுத்துல மாலை இருக்கு. பதினேழு வருஷம் காப்பாத்தினதை அங்க வச்சு எப்படி விடுறது? கூப்பிட்டாத்தான் என்ன, அந்த நேரத்துல அவனுக்குக் கேட்டிருக்குமா கேட்டிருக்காதா, யாருக்குத் தெரியும். கேட்டிருக்காது. கேட்டிருக்காதுன்னுதான் டாக்டர் சொன்னதை வச்சுப் பாத்தா தோணுது.

உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குறப்ப, கடைசியா ஒருத்தர்கிட்ட "கையில தென்னங்கன்னு வச்சிருப்பாரு"ன்னு சொன்னேன். அப்பத்தான் அவர், "ஆமா, ஏத்தம் தொடங்குற இடத்துக்குக் கொஞ்சம் மேல, மரத்தடியில ஒருத்தர் உக்காந்திருக்காரு"ன்னாரு.

பாதையை விட்டு நாலடி தள்ளி, பெரிய மரம். வேர் ரெண்டு பக்கமும் சாய்மானம் மாதிரி நிக்கும். அதுக்கு நடுவுல உக்காந்திருந்தான். இருமுடி மடியில. மழை நேரா அவன் தலையில இறங்குது. ஷீட்டு அவன் மேல இல்லை. கன்னைப் பக்கத்துல நிமிர்த்தி வச்சு, தன் கறுப்புத் துண்டால சுத்தி, அதுக்கு மேல ஷீட்டைப் போட்டு மூடி, காத்துல பறக்காம இருக்க நாலு மூலையிலயும் கல்லு வச்சிருந்தான். கண்ணு திறந்தே இருந்துச்சு.

நான் தொட்டேன். காலையில அப்படிச் சுட்ட கை.

கொஞ்சம் கீழ கட்டஞ்சாயா விக்கிற மலையாளத்துக்காரரு ஒருத்தர் ஓடி வந்தாரு. அவருக்கு நம்ம பாஷை பேச வரும். அவர் சொன்னாரு, "சாமி, இவர் ரெண்டு மணியில இருந்து இங்கதான் இருக்காரு. களைச்சுப்போன சாமி இளைப்பாறுதுன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் சரணம் விளிச்சுக்கிட்டே இருந்தாரு. 'சாமியே, சாமியே'ன்னு. போறவங்க எல்லாரும் பதில் சரணம் சொல்லிட்டுத்தான் போனாங்க. ஒருத்தர்கூட சொல்லாம போகலை. அப்புறம் சத்தம் நின்னுருச்சு."

எல்லாரும் சொல்லியிருக்காங்க சாமி. அவன் கூப்பிட்டிருக்கான், ஊரு உலகமே பதில் சொல்லிட்டுப் போயிருக்கு. வாயில்லாப் பூச்சிக்கு "எனக்கு முடியலை, யாராவது தூக்குங்க"ன்னு கேக்கத் தெரியலை. தெரிஞ்ச ஒரே வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கான். அண்ணன் காதுல விழும்னு நெனச்சிருப்பான். நான் அதே நேரத்துல மேல இருந்து "சாமியே"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கும் பதில் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அவன் கழுத்து மாலையை நான்தான் கழட்டினேன். என்னுதையும் கழட்டினேன். தம்பி செத்தா அண்ணனுக்குத் தீட்டு, அப்புறம் மாலை நிக்காது. ரெண்டையும் கையில வச்சுக்கிட்டேன். மாலை இறங்கிருச்சு, இனி அவனுக்குப் பேர் உண்டு இல்லையா? அப்பக் கூப்பிட்டேன். "சிவனாண்டி. டேய், சிவனாண்டி." சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். நாப்பத்தாறு வருஷமா கூப்பிட்ட பேரு, கூப்பிட்டா எங்க இருந்தாலும் "என்னண்ணே"ன்னு ஓடி வருவான். தங்கமாயன்தான் என்னைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சான்.

டோலியில கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. மாரடைப்புன்னு எழுதிக் குடுத்தாங்க. மாரடைப்பு வீட்டுல இருந்தாலும் வரும், அதை நான் சொல்லலை, டாக்டரே சொன்னாரு.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினதும் பஞ்சவர்ணம் அழலைங்க. வேனுக்குள்ள எட்டிப் பாத்தா. அந்த கேன்வாஸ் ஷூ சீட்டுக்கு அடியில கிடந்துச்சு, அதை எடுத்து வச்சுக்கிட்டா. அப்புறம் என்கிட்ட வந்து ஒரே ஒரு கேள்வி. "மாமா, அவரைப் பேரைச் சொல்லி ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேம்மா"ன்னேன். பொய்யா சொன்னேன்? கூப்பிட்டேன்ல?

எப்பக் கூப்பிட்டேன்னு தங்கமாயன் அவகிட்ட அப்புறமாச் சொல்லிட்டான். அன்னைக்கோட பேச்சை நிறுத்தினவதான். ஒம்பது வருஷம். மதிலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நாங்க. நல்லது கெட்டது எதுக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கன்னையும் அவளே எடுத்துக்கிட்டா. என் கன்னுங்க, நான் வளர்த்தது. சன்னிதானத்துக்குப் போகவேண்டியது. தன் வாசல்ல வச்சா. இப்ப மதிலைத் தாண்டி வளர்ந்து, நாலு வருஷமா காய்ச்சுக் கொட்டுது. ஆள் விட்டு இறக்கித் தெருவுக்கே குடுக்குறா. எங்க வீட்டுக்கு மட்டும் ஒரு காய் வந்ததில்லை. காஞ்ச மட்டை எங்க பக்கம் விழும். அதை நான் எடுத்து ஓரமா வச்சிருக்கேன், எரிக்க மனசு வரலை.

குழு இப்ப தங்கமாயன்கிட்ட. வருஷாவருஷம் கூட்டிக்கிட்டுப் போறான். ஒவ்வொரு இடத்துலயும் நோட்டை வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தன் பேரா வாசிக்கிறானாம். பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கிற மாதிரி. இதெல்லாம் மலைக்குப் போற லட்சணமா சாமி? சிரிப்பா இருக்கு. ஆனா ஒண்ணு, இதுவரைக்கும் ஒருத்தனும் தொலையலை.

வண்டி கிளம்பிருச்சு. உங்க ஆளுக எல்லாரும் ஏறிட்டாங்களா, பின்னாடி பாத்துக்குங்க. எத்தனை பேரு? ஒம்பதா? முகத்தைப் பாத்து எண்ணுங்க. தலையை எண்ணாதீங்க.

நான் முண்டக்கயத்துல இறங்கிருவேன். அங்கேருந்து ஜீப்பு, அழுதை ஆத்தங்கரை வரைக்கும். வருஷாவருஷம் அந்தத் தேதிக்கு வர்றேன். வீட்டுல மதுரைக்குப் போறதாச் சொல்லிருவேன். பையில ஒண்ணுமில்லை, ஒரு மாத்து வேட்டி, அப்புறம் அந்த ரெண்டு மாலை. ஆத்தைத் தாண்ட மாட்டேன். மாலை போடாம தாண்டக் கூடாது, அது முறை. இக்கரையிலயே நிப்பேன். அவன் உக்காந்த மரம் அழுதை மேட்டுக்கு அந்தப் பக்கம், கரிமலை அடியில, எனக்கும் தெரியும்.

முதல்ல "சாமியே"ன்னு விளிப்பேன். அக்கரையில ஏறிக்கிட்டு இருக்கிறவங்க, குளிச்சுக்கிட்டு இருக்கிறவங்க, ஜீப்புல இருந்து இறங்குறவங்க, யாருன்னே தெரியாதவங்க எல்லாரும் "சரணமய்யப்பா"ன்னு சொல்லுவாங்க. காடே பதில் சொல்லும்.

அப்புறம் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். சத்தமாத்தான் கூப்பிடுவேன். குளிக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க. கூட வந்த யாரையோ தேடுறேன்னு நெனச்சு, வழிவிட்டு ஒதுங்கி நிப்பாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு இன்னொரு தடவை கூப்பிடுவேன்.

அதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்றதில்லை சாமி.